பெரிய நெட்வொர்க்கை சப்நெட்டா பிரிக்கிறது எப்படி: ஒரு காலேஜ் கேம்பஸை வச்சு முழு கணக்கு

ஹாஸ்டல் வைஃபை, லேப் சிஸ்டம், ஆபீஸ் பிரிண்டர், சிசிடிவி கேமரா எல்லாத்தையும் ஒரே நெட்வொர்க்ல கோர்த்து விட்டுட்டு அப்புறம் நெட் ஸ்லோ நெட் ஸ்லோன்னு லைன் ஸ்பீடை மட்டும் ஏத்திக்கிட்டே போற இடங்கள் நிறைய இருக்கு. பல நேரம் லைன்ல கோளாறே இருக்காது, உள்ள இருக்கிற சத்தம்தான் பிரச்சனை. ஒரு மெஷின் பக்கத்து மெஷின்கூட பேசணும்னா முதல்ல "இந்த ஐபி யாருது, உன் மேக் அட்ரஸ் சொல்லு"ன்னு (மேக் அட்ரஸ்னா நெட்வொர்க் கார்டோட சொந்த நம்பர்) ஏஆர்பிங்கிற முறை மூலமா அந்த நெட்வொர்க்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்தும். புதுசா ஆன் ஆகுற ஒவ்வொரு ஃபோனும் ஐபி வேணும்னு, ஐபியை தானா ஒதுக்கிக் குடுக்கிற டிஹெச்சிபி சர்வருக்கு கத்தும். இது பிராட்காஸ்ட். 50 மெஷின் இருந்தா யாருக்கும் தெரியாது, 1500 இருந்தா எல்லாரும் எல்லாத்தையும் கேட்டாகணும், அதுலயும் வைஃபைல பிராட்காஸ்ட் பேக்கெட் ரொம்ப குறைஞ்ச ஸ்பீடுலதான் போகும், அதனால ஏர்டைம் சும்மா கரையும்.

இது ஸ்பீடு கதை மட்டும் கிடையாது. ஃப்ளாட்டா ஒரே நெட்வொர்க்கா இருந்தா ஹாஸ்டல்ல இருக்கிற ஒரு லேப்டாப்ல இருந்து அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மெஷினை நேரடியா தொட முடியும், நடுவுல தடுக்க ஒரு இடமே இல்ல. அதையே சின்னச் சின்ன நெட்வொர்க்கா, அதாவது சப்நெட்டா, பிரிச்சு வச்சா ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போற எதுவும் ரவுட்டர் வழியாதான் போகணும், அங்க நீங்க ரூல் போடலாம். எனக்கு கேட்டா சப்நெட் போடறதுக்கு முதல் காரணமே இதுதான்.

கணக்குக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒரே ஸ்விட்ச்ல, விலான் (ஒரு ஸ்விட்ச்சையே தனித்தனி ஸ்விட்ச் மாதிரி பிரிச்சு வைக்கிறது) பிரிக்காம, பாதி மெஷினுக்கு ஒரு ரேஞ்ச் ஐபி, மீதிக்கு இன்னொரு ரேஞ்ச் ஐபி குடுத்தா அது பிரிச்ச மாதிரி ஆகாது. கேபிள் லெவல்ல எல்லாம் இன்னும் ஒண்ணாதான் இருக்கு, பிராட்காஸ்ட் எல்லா போர்ட்டுக்கும் போகும், யாராவது ஐபியை கையால மாத்திக்கிட்டா அந்தப் பக்கம் போயிடுவாங்க. அதனால ஒரு விலானுக்கு ஒரு சப்நெட், ஒரு சப்நெட்டுக்கு ஒரு விலான், இந்த ஜோடியை எப்பவும் சேர்த்தே யோசிங்க.

சரி, கணக்கு. ஐபிவி4 அட்ரஸ்னா 32 பிட், எட்டு எட்டா நாலு துண்டு, ஒவ்வொரு துண்டும் 0ல இருந்து 255 வரை. மாஸ்க்ங்கிறது இந்த 32 பிட்ல முதல் எத்தனை பிட் நெட்வொர்க்கோடது, மீதி எத்தனை மெஷினோடதுன்னு சொல்ற கோடு. /24ன்னா முதல் 24 பிட் நெட்வொர்க், மீதி 8 பிட் மெஷின், அதையே 255.255.255.0ன்னும் எழுதுவாங்க. மெஷினுக்கு விட்ட பிட்டுல இருந்து ஒண்ணு ரெண்டு எடுத்து நெட்வொர்க் பக்கம் சேர்த்தா நெட்வொர்க் எண்ணிக்கை கூடும், ஒவ்வொண்ணுலயும் மெஷினுக்கான இடம் குறையும். ஒரு பிட் நகத்தினா ரெண்டா உடையும், ரெண்டு பிட் நகத்தினா நாலு, மூணு நகத்தினா எட்டு.

ஒரு /24ல 256 அட்ரஸ். அதுல முதல்ல வர்றது நெட்வொர்க்கோட பேரு மாதிரி, கடைசில வர்றது பிராட்காஸ்ட், இந்த ரெண்டையும் மெஷினுக்கு குடுக்க முடியாது, அதனால 254. பாதியாக்குனா /25, 126 மெஷின். /26ல 62, /27ல 30, /28ல 14, /29ல 6, /30ல 2. மேல போனா /23ல 510, /22ல 1022, /21ல 2046. இதை மனப்பாடம் பண்ணத் தேவையே இல்ல, 256ஐ பாதி பாதியா போங்க இல்ல டபுள் டபுளா போங்க, கடைசில ரெண்டு கழிங்க, அவ்வளவுதான்.

இப்ப ஒரு ஐபி குடுத்து இது எந்த சப்நெட்ல வருதுன்னு கேட்டா பைனரி எழுதாமலே சொல்றதுக்கு ஒரு வழி இருக்கு. 192.168.10.77, மாஸ்க் /26னு வச்சுக்கோங்க. /26ன்னா 255.255.255.192. 256ல இருந்து 192ஐ கழிச்சா 64, இதுதான் பிளாக் சைஸ். அப்ப சப்நெட் எல்லாம் 0, 64, 128, 192ன்னு 64 64ஆ தாவும். 77 எங்க விழுது, 64க்கும் 128க்கும் நடுவுல. அதனால நெட்வொர்க் 192.168.10.64, அடுத்த சப்நெட் தொடங்குறதுக்கு ஒண்ணு முன்னாடி இருக்கிற 127 பிராட்காஸ்ட், நடுவுல 65ல இருந்து 126 வரை மெஷினுக்கு. சந்தேகமா இருந்தா பைனரில பாருங்க, 77ன்னா 01001101, 192ன்னா 11000000, ரெண்டுலயும் 1 இருக்கிற இடத்தை மட்டும் வச்சா 01000000, அதாவது 64. மெஷினும் உள்ள இதேதான் பண்ணுது, ஒவ்வொரு பேக்கெட் அனுப்பும்போதும் எதிர்ல இருக்கிற ஐபி என் நெட்வொர்க்கா இல்ல வெளியவான்னு மாஸ்க்கை வச்சு பாத்துட்டு, உள்ளன்னா நேரா அனுப்பும், வெளியன்னா கேட்வேகிட்ட, அதாவது அந்த சப்நெட்டுக்கு வெளி வாசலா இருக்கிற ரவுட்டர்கிட்ட, குடுத்துடும். இந்த ஒரு வரி புரிஞ்சா பின்னாடி வர்ற கோளாறுல பாதி உங்களுக்கே பிடிபடும்.

சப்நெட் /24ஐ விட பெருசா இருக்கும்போதுதான் பலருக்கு தடுமாறுது. 10.40.6.200, /22 எடுத்துக்கோங்க. /22ன்னா 255.255.252.0, இப்ப ஆட்டம் மூணாவது துண்டுல நடக்குது. 256ல 252 போனா 4, அப்ப மூணாவது துண்டு 0, 4, 8, 12ன்னு தாவும். 6ங்கிறது 4க்கும் 8க்கும் நடுவுல, அதனால நெட்வொர்க் 10.40.4.0, பிராட்காஸ்ட் 10.40.7.255. இங்க ஒரு விஷயம் கவனிங்க, 10.40.4.255ம் 10.40.5.0வும் இந்த சப்நெட்ல சாதாரண மெஷின் அட்ரஸ்தான், தாராளமா குடுக்கலாம். 255ல முடிஞ்சாலே பிராட்காஸ்ட், 0ல முடிஞ்சாலே நெட்வொர்க்னு நினைக்கிறது /24 மட்டுமே பாத்துப் பழகின பழக்கம்.

பழைய நோட்ஸ் வச்சு படிக்கிறவங்களுக்காக கொஞ்சம் வரலாறு. 1981ல வந்த ஐபி ஸ்டாண்டர்ட்ல கிளாஸ் ஏ, பி, சின்னு மூணு சைஸ்தான், 300 மெஷின் இருக்கிறவங்களுக்கு கிளாஸ் சி பத்தாது, கிளாஸ் பி வாங்கினா 65,534ல பெரும்பங்கு வீண். உள்ளயே பிரிச்சுக்கிற முறையை 1985ல ஜெஃப் மோகலும் ஜான் போஸ்டலும் எழுதின ஆர்எஃப்சி 950ங்கிற இன்டர்நெட் விதி ஆவணம் ஸ்டாண்டர்ட் ஆக்குச்சு. 1993ல கிளாஸ் பாக்காம வேண்டிய சைஸ்ல ஒதுக்குற சிஐடிஆர் முறை வந்ததும் கிளாஸ்ங்கிற கணக்கே போயிடுச்சு, இன்னைக்கு நாம எழுதுற இந்த /26, /22 எல்லாம் அதோட எழுத்துமுறைதான். ஆனா இன்னமும் சில புக்ஸ்ல மொத்த சப்நெட் எண்ணிக்கைல இருந்தும் ரெண்டு கழிக்கணும், முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் தொடக்கூடாதுன்னு இருக்கும். இப்ப அப்படி இல்ல, எல்லாத்தையும் யூஸ் பண்ணுங்க. ரெண்டு கழிக்கிறது மெஷின் எண்ணிக்கைல மட்டும், அதுலயும் ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல போற நேர் லிங்க்குக்கு /31 போட்டா ரெண்டு அட்ரஸும் உபயோகம்தான், 2000ல வந்த ஆர்எஃப்சி 3021 அதை அனுமதிக்குது. பழைய மாடல் பாக்ஸ் ஏதாவது நடுவுல இருந்தா /30ஏ போட்டுக்கோங்க.

எந்த ரேஞ்ச் எடுக்கிறது? உள்ளுக்குள்ள யூஸ் பண்ண மூணு பிரைவேட் ரேஞ்ச் இருக்கு, 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவுல இருக்கிறது 172.16ல இருந்து 172.31 வரை மட்டும், 172.32 வெளில இருக்கிற பப்ளிக் அட்ரஸ், இதுல வழுக்கி விழுறவங்க உண்டு. 192.168.0, 192.168.1 ரெண்டையும் தயவுசெஞ்சு தொடாதீங்க, வீட்டு ரவுட்டர்ல பாதி அதுலதான் வருது, நாளைக்கு ஸ்டாஃப் யாராவது வீட்டுல இருந்து விபிஎன் போட்டா ரெண்டு பக்கமும் ஒரே ரேஞ்சா இருந்து முட்டிக்கும். 172.17ஐயும் விட்டுடுங்க, டாக்கர்ங்கிற சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணா டீஃபால்ட்டா அதை எடுத்துக்கும். 10ல நடுவாந்திரமா ஒரு இடம் எடுக்கிறது நிம்மதி.

இப்ப நிஜ கணக்குக்கு வருவோம். ஒரு காலேஜ் கேம்பஸுக்கு 10.40.0.0/20 ஒதுக்கியிருக்குன்னு வச்சுப்போம், அதாவது 10.40.0.0ல இருந்து 10.40.15.255 வரை, மொத்தம் 4096 அட்ரஸ். தேவை என்னன்னா ஜென்ட்ஸ் ஹாஸ்டல்ல 350 பேர், லேடீஸ் ஹாஸ்டல்ல 250 பேர், ஆளுக்கு ஒரு ஃபோன் ஒரு லேப்டாப். ஸ்டாஃப், ஆபீஸ் சேர்த்து 180 மெஷின். கேமரா 110. நாலு லேப், ஒவ்வொண்ணுலயும் 60 சிஸ்டம். ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் சேர்த்து 45. சர்வர் 20. அப்புறம் ரெண்டு பிளாக்குக்கு ரவுட்டர் லிங்க்.

முதல் ரூல், பெருசுல இருந்து சிறுசுக்கு போங்க. பஸ்ல லக்கேஜ் ஏத்துற மாதிரிதான், சின்னப் பையை முதல்ல அங்கங்க வச்சுட்டா பெரிய பெட்டிக்கு சேர்ந்தாப்ல இடம் கிடைக்காது. ஒரு /22 எங்க வேணா தொடங்க முடியாது, மூணாவது துண்டு 4ஆல வகுபடுற இடத்துலதான் தொடங்கும், நீங்க 10.40.1.0ல ஒரு /27ஐ வச்சுட்டா அந்த /22 மொத்தமும் கெட்டுடும்.

ஜென்ட்ஸ் ஹாஸ்டல் 700 டிவைஸ், /22 போதும், 10.40.0.0/22, இது 10.40.3.255 வரை போகும். லேடீஸ் ஹாஸ்டல் 500 டிவைஸ். பேப்பர்ல /23 போதும், 510 இடம் இருக்கே. ஆனா வைஃபைல ஐபி எண்ணிக்கைய ஆள் எண்ணிக்கைய வச்சு மட்டும் கணக்கு போட முடியாது, விசிட்டர் வருவாங்க, ஸ்மார்ட் வாட்ச் வரும், போனவங்களோட லீஸ் (ஐபியை வச்சுக்கிற கெடு) முடியாம கெடக்கும், விண்டோஸ் சர்வர்ல டிஹெச்சிபி லீஸ் டீஃபால்ட்டே 8 நாள். அதனால இங்கயும் /22, 10.40.4.0/22, 10.40.7.255ல முடியும். ரெண்டையும் சேர்த்து ஒரே /21ஆ போடலாமேன்னு தோணும், போடாதீங்க, 1200 டிவைஸோட பிராட்காஸ்ட்டும் திரும்ப ஒண்ணா சேர்ந்துடும், நாம எதுக்கு ஆரம்பிச்சோமோ அதுவே போச்சு.

ஆபீஸ் 180க்கு 10.40.8.0/24. கேமரா 110, /25ல 126 இருக்கு, இடிச்சுக்கிட்டு உக்காரும், ஆனா கேமரா எண்ணிக்கை எந்த இடத்துலயும் குறைஞ்சு நான் பாத்ததில்ல, 10.40.9.0/24 குடுத்துடுங்க. லேப்தான் நல்ல உதாரணம். 60 சிஸ்டம், /26ல 62 இருக்கு, கச்சிதமா இருக்கேன்னு தோணும். கேட்வே ஒண்ணு 61, பிரிண்டர் ஒண்ணு 62, முடிஞ்சது. ஸ்டாஃப் ஒருத்தர் லேப்டாப்பை சொருகினா ஐபி இல்ல. அதனால /25: 10.40.10.0/25, 10.40.10.128/25, 10.40.11.0/25, 10.40.11.128/25, நாலு லேப்புக்கு நாலு. ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் மேனேஜ்மென்ட்டுக்கு 10.40.12.0/26. சர்வருக்கு 10.40.12.64/27, அது 95 வரை. ரவுட்டர் லிங்க் ரெண்டுக்கு 10.40.12.96/30, 10.40.12.100/30. இதுக்கப்புறம் 10.40.12.104ல இருந்து 127 வரை சில்லறை, 10.40.12.128/25ம் அதுக்கு மேல 10.40.13.0ல இருந்து 10.40.15.255 வரைக்கும் முழுசும் காலி. நாளைக்கு புது பிளாக் கட்டினா அங்க இருந்து எடுக்கலாம், காலியா இருக்கேன்னு இப்பவே எல்லாருக்கும் பங்கு போட்டுடாதீங்க. இன்னொரு லாபம், எல்லாம் ஒரே /20க்குள்ள அடங்குறதால வெளி ரவுட்டருக்கு இந்த கேம்பஸைப் பத்தி ஒரே ஒரு ரூட் (போற வழி) சொன்னா போதும்.

இதை எல்லாம் ஒரு ஷீட்ல எழுதி வைங்க, விலான் நம்பர், சப்நெட், கேட்வே, டிஹெச்சிபி ரேஞ்ச், யாருக்கு. ஒவ்வொரு சப்நெட்லயும் ஒரே பழக்கத்தை வச்சுக்கோங்க, முதல் அட்ரஸ் எப்பவும் கேட்வே, அடுத்த கொஞ்சம் பிரிண்டர் மாதிரி ஸ்டாட்டிக் ஐட்டத்துக்கு, அதுக்கு மேலதான் டிஹெச்சிபி. விலான் 1ல யாரையும் வைக்காதீங்க, புதுசா வர்ற ஸ்விட்ச் போர்ட் எல்லாம் அதுலதான் வந்து விழும்.

கணக்கை சரி பார்க்க லினக்ஸ்ல ஐபிகால்க் இருக்கு, பைத்தான்ல ஐபிஅட்ரஸ்னே ஒரு மாட்யூல் கூடவே வருது, ரெண்டு சப்நெட் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுதான்னு அதுவே சொல்லிடும். கைல போட்டுட்டு டூல்ல சரி பாருங்க, ஏன்னா ராத்திரி 11 மணிக்கு ஒரு ஸ்விட்ச் முன்னாடி நிக்கும்போது கைக்கணக்குதான் உதவும்.

ஸ்விட்ச் பக்கம் வேலை என்னன்னா, ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஒரு விலான் உருவாக்கி, ரவுட்டர் வேலையும் பண்ற லேயர் 3 ஸ்விட்ச்லயோ ரவுட்டர்லயோ அந்த விலானுக்கு கேட்வே ஐபி குடுத்து, ஸ்விட்ச்சுக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல எல்லா விலானையும் ஒரே கேபிள்ல கொண்டுபோற ட்ரங்க் போட்டு, மெஷின் போர்ட்டை எல்லாம் அதது விலான்ல வைக்கணும். இதுல எல்லாரும் மாட்டிக்கிற இடம் டிஹெச்சிபி. ஐபி கேட்டு மெஷின் கத்துறது பிராட்காஸ்ட், அது ரவுட்டரைத் தாண்டாது, சர்வர் இருக்கிறதோ 10.40.12.64/27ல. அதனால ஒவ்வொரு விலான் கேட்வேலயும் அந்தக் கத்தலை சர்வருக்குக் கடத்துற டிஹெச்சிபி ரிலே போட்டு சர்வர் ஐபியைக் காட்டணும், ரிலே தன்னோட கேட்வே ஐபியை சேர்த்து அனுப்பும், சர்வர் அதைப் பாத்துதான் எந்த ஸ்கோப்ல (ஐபி ரேஞ்ச்ல) இருந்து குடுக்கணும்னு முடிவு பண்ணும். மெஷின்ல 169.254னு தொடங்குற ஐபி தெரிஞ்சா டிஹெச்சிபி கிடைக்கலைன்னு அர்த்தம், முதல்ல ரிலேயைப் பாருங்க, அடுத்து போர்ட் எந்த விலான்ல இருக்குன்னு பாருங்க.

அப்புறம் ரூல். லேயர் 3 ஸ்விட்ச்ல கேட்வே குடுத்து ரூட்டிங் ஆன் ஆனதும் எல்லா சப்நெட்டும் எல்லாத்தோடயும் பேச ஆரம்பிச்சுடும், பிரிச்சாச்சு பாதுகாப்பாச்சுன்னு இங்கயே நிறுத்திட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. ஹாஸ்டல்ல இருந்து ஆபீஸ், லேப், மேனேஜ்மென்ட் மூணுக்கும் தடை, சர்வர்ல தேவையான போர்ட் மட்டும் அனுமதி. கேமராவுக்கு வெளி இன்டர்நெட்டே வேண்டாம். ஸ்விட்ச் மேனேஜ்மென்ட்டுக்கு ஐடி ஸ்டாஃப் மெஷின்ல இருந்து மட்டும். கேமரா ரெக்கார்ட் பண்ற என்விஆரை கேமரா சப்நெட்லயே வைங்க, இல்லன்னா 110 கேமரா வீடியோவும் ராத்திரி பகலா ரவுட்டரை சுத்திதான் போகும். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ்னா 110க்கு 440 எம்பிபிஎஸ், இது ஒரே 1 ஜிபிபிஎஸ் அப்லிங்க் கேபிள்ல போனா சப்நெட் பிரிச்சாலும் அந்தக் கேபிள்ல பாதிக்கு கிட்ட அதுக்கே போயிடும், சப்நெட் கேபிளை அகலமாக்காது, அதுக்கு தனி லிங்க் போடுறது வேற வேலை.

ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற நெட்வொர்க்கை ஒரே ராத்திரில மாத்தாதீங்க. பழைய நெட்வொர்க் அப்படியே ஓடட்டும், பக்கத்துல புது விலான்களை உருவாக்கி, ஒரு லேப்பை முதல்ல நகத்துங்க, செமஸ்டர் லீவ்ல பண்ணா இன்னும் நல்லது. நகத்துறதுக்கு முன்னாடியே டிஹெச்சிபி லீஸை 1 மணி நேரமா குறைச்சு வச்சுடுங்க, பழைய 8 நாள் லீஸ் வாங்கின மெஷினும் புது லீஸுக்கு மாறியாச்சுன்னு பாத்துட்டு அப்புறம் கை வைங்க. கையால ஐபி போட்ட பிரிண்டர், பயோமெட்ரிக் மெஷின், பழைய சாஃப்ட்வேர்ல சர்வர் ஐபியை நேரா எழுதி வச்சிருக்கிறது, இது எல்லாத்தையும் முன்கூட்டியே தேடி லிஸ்ட் எடுங்க, இந்த வேலையில நேரம் சாப்பிடுறது இதுதான். மாத்தின மறுநாள் "பிரிண்டர் காணோம்"னு ஃபோன் வரும், ஏன்னா பிரிண்டரை தானா கண்டுபிடிக்கிற சமாச்சாரம் அந்த சப்நெட்டுக்குள்ள மட்டும் கேக்குற மல்டிகாஸ்ட்ல ஓடுது, பக்கத்து சப்நெட்டுக்குப் போகாது. ஐபி குடுத்து ஆட் பண்ணிட்டா வேலை முடிஞ்சது.

கோளாறுல ரொம்ப குழப்புறது ஒண்ணு இருக்கு. லேப் 1ல 10.40.10.20ங்கிற சிஸ்டத்துக்கு யாரோ கையால 255.255.255.0ன்னு மாஸ்க் போட்டுட்டாங்க, போட வேண்டியது 255.255.255.128. இன்டர்நெட் வருது, சர்வர் வருது, ஆபீஸ் மெஷினுக்கு பிங் (பதில் வருதான்னு பாக்குற சின்ன டெஸ்ட்) போகுது, ஆனா லேப் 2ல இருக்கிற 10.40.10.200 மட்டும் வராது. ஏன்னா இந்த மெஷின் கணக்குப்படி 200 தன் நெட்வொர்க்லயே இருக்கு, கேட்வேகிட்ட குடுக்காம நேரா ஏஆர்பி கத்திக்கிட்டே இருக்கும், அந்தப் பக்கம் கேக்கவே கேக்காது. எல்லாம் வருது பக்கத்து சப்நெட் ஒண்ணு மட்டும் வரலைன்னா ஃபயர்வாலைத் தோண்டுறதுக்கு முன்னாடி ரெண்டு மெஷின் மாஸ்க்கையும் பாருங்க. மத்தபடி செக் பண்ற வரிசை எப்பவும் ஒண்ணுதான், முதல்ல சொந்த கேட்வேக்கு பிங், அடுத்து இன்னொரு சப்நெட்டோட கேட்வேக்கு பிங், அடுத்து அங்க இருக்கிற மெஷினுக்கு. எங்க நிக்குதோ அங்கதான் கோளாறு. கேட்வே வரைக்கும் போய் மெஷின் மட்டும் பதில் சொல்லலைன்னா அந்த மெஷினோட சொந்த விண்டோஸ் ஃபயர்வாலா இருக்க நிறைய வாய்ப்பு.

கிளவுட்ல இதே கணக்கைப் போடும்போது ஒரு வித்தியாசம் இருக்கு, ஏடபிள்யூஎஸ், அஷ்யூர் ரெண்டுமே ஒவ்வொரு சப்நெட்லயும் 5 அட்ரஸை எடுத்து வச்சுக்கும், அப்ப /28ல 14 கிடையாது, 11தான். ஐபிவி6 போடுற அன்னைக்கு இந்த மெஷின் எண்ணிக்கை கணக்கையே மறந்துடலாம், ஒவ்வொரு விலானுக்கும் ஒரு /64, அதுக்குக் கீழ உடைக்காதீங்க, உடைச்சா மெஷின் தானா அட்ரஸ் எடுத்துக்கிற வசதி வேலை செய்யாது. கேம்பஸுக்கு ஒரு /48 கிடைச்சா அதுல 65,536 சப்நெட் இருக்கு. மேல பிரிச்ச விலான் ஒவ்வொண்ணுக்கும் அதுல இருந்து ஒண்ணு எடுத்து அதே ஷீட்ல பக்கத்து காலம்ல எழுதிடுங்க, ஃபயர்வால் ரூலையும் ஐபிவி6க்கு தனியா ஒரு தடவை எழுதணும், ஐபிவி4க்கு போட்ட ரூல் அதுக்கு பொருந்தாது.